பசுவுக்கு ஏற்ற பொலிகாளை எது?

ஜித்ரா வட்டாரத்துத் தோட்டங்களிலும் கம்பங்களிலும் பசு வளர்க்கும் குடும்பங்களுக்கு மாடு என்பது நடமாடும் சேமிப்பு. பிள்ளையின் பள்ளிச் செலவும் திடீர் மருத்துவச் செலவும் அதன் மடியிலிருந்தே வருவதுண்டு. அப்படிப்பட்ட பசு சினைக்கு வந்தால், “பக்கத்தில் காளை இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டு ஓட்டிச் செல்கிறோம். “அந்தக் காளை எப்படிப்பட்டது?” என்று கேட்பதில்லை.

சினைக்காலம் சுமார் 280 நாள். பிறக்கும் கிடாரி வளர்ந்து, கன்று ஈன்று, கறவைக்கு வர மேலும் இரண்டரை, மூன்று ஆண்டுகள் ஆகும். இன்று அரைமணி நேரத்தில் செய்யும் முடிவின் பலனை ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கழித்தே பாத்திரத்தில் காண்கிறோம். தவறினால் நான்கு ஆண்டுத் தீனியும் உழைப்பும் வீண். ஆகவே இன்று பொலிகாளையைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சில செய்திகளைப் பார்ப்போம்.

பினாங்கில் 1864-இல் குதிரைப் பந்தயச் சங்கம் ஏற்பட்டது. அங்கு ஓடிய உயர்சாதிக் குதிரைகளை நம் பெரியவர்கள் சிலர் பார்த்திருப்பார்கள். உலகெங்கும் உள்ள அந்த இனத்துக் குதிரைகள் அனைத்தும், தந்தை வழியில், இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்றே ஆண் குதிரைகளிடம் போய்ச் சேர்கின்றன. அவற்றை வளர்ப்பவர்கள் ஓர் ஆண் குதிரை பந்தயத்தில் எப்படி ஓடியது என்பதோடு நின்றுவிடுவதில்லை. அதன் குட்டிகள் எப்படி ஓடுகின்றன என்றும் கணக்கெடுக்கிறார்கள். இந்தப் பாடம் மாட்டுக்கும் பொருந்தும். காளை பால் கறப்பதில்லை. அதன் தாயும் மகள்களும்தான் கறக்கின்றன. எனவே காளையின் திமிலைப் பார்ப்பதற்கு முன் அதன் தாயின் மடியைப் பற்றி விசாரியுங்கள். மகள்கள் இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள்.

அடுத்து, உங்கள் பசு எது என்று பாருங்கள். கெடா-கிளந்தான் நாட்டு மாடு சிறிய உடம்பு. வெயிலையும் உண்ணியையும் தாங்கும். ஆனால் பால் குறைவு. நம் முன்னோர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த மாடுகளின் வழிவந்த பால்மாடும் இங்கே உண்டு. வெளிநாட்டு ஃபிரீசியன் நிறையக் கறக்கும். ஆனால் நம் வெயிலில் மூச்சு வாங்கும், தீனி குறைந்தால் மெலியும். இதனால்தான் குளுவாங்கில் உள்ள அரசாங்கக் கால்நடை நிலையம், பஞ்சாப் பகுதியின் சாகிவாலையும் ஃபிரீசியனையும் கலந்து ‘மாஃப்ரிவால்’ என்ற இனத்தை உருவாக்கியது. தோட்டத்துப் புல்லை மேய்ந்து வாழவேண்டிய பசுவுக்கு முழு ஃபிரீசியன் இரத்தத்தைவிட இத்தகைய கலப்பே ஏற்றது.

சிறிய பசுவுக்கு, அதிலும் தலைச்சன் ஈற்றுக்கு நிற்கும் கிடாரிக்கு, பிராமன், ஷரோலே போன்ற பெரிய இனக் காளையைச் சேர்க்காதீர்கள். கன்று பெருத்தால் ஈற்றின்போது வழி அடைத்துக்கொள்ளும். கன்றும் போகும், தாயும் போகும்.

காளையின் உடம்பிலும் கவனம் வேண்டும். கால்கள் நேராக, குளம்புகள் உறுதியாக இருக்கவேண்டும். விதைகள் இரண்டும் ஒத்த அளவில், வீக்கமின்றி, ஒன்றுபோல் தொங்கவேண்டும். முரட்டுக் குணம் வேண்டாம். அது கன்றுக்கும் வரக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் காளை சேர்ந்த பசுக்களில் கன்று வீச்சு நேர்ந்ததா என்று கேளுங்கள். கன்று வீச வைக்கும் புருசெல்லா நோய், காய்ச்சாத பால் வழியாக மனிதருக்கும் தொற்றும். கால்நடை இலாகாவில் இதற்கு இரத்தப் பரிசோதனை உண்டு.

நம் லயங்களில் அடிக்கடி நேரும் கேடு வேறொன்று. ஒரே காளையை ஐந்தாறு ஆண்டுகள் வைத்திருப்பது. மூன்றாம் ஆண்டிலேயே அதன் மகள்கள் சினைக்கு வந்துவிடுகின்றன. தந்தையே மகளைச் சேர்ந்தால் கன்று நோஞ்சானாகும், பால் குறையும், மறைந்திருந்த குறைகள் வெளிப்படும். இரண்டரை ஆண்டுக்குள் காளையை மாற்றுங்கள், அல்லது வேறு தோட்டத்தாரோடு மாற்றிக்கொள்ளுங்கள்.

புகழ்பெற்ற காளையிடமும் குறை ஒளிந்திருக்கும். அமெரிக்காவில் 1962-இல் பிறந்த ‘சீஃப்’ என்ற ஹோல்ஸ்டீன் காளைக்குச் சுமார் 16,000 மகள்கள். பால் பெருகியது உண்மை. ஆனால் அதனிடம் மறைந்திருந்த ஒரு மரபுக் குறையால், உலகெங்கும் சுமார் ஐந்து இலட்சம் கருக்கள் கலைந்ததாக 2016-இல் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். தந்தை வழியிலும் தாய் வழியிலும் அந்தக் குறை வந்து சேர்ந்தபோதே கரு கலைந்தது. நெருங்கிய உறவில் சேர்க்காதீர்கள் என்பதன் காரணம் இதுவே.

காளை கிடைக்காதவர்களுக்குச் சினை ஊசி உண்டு. நல்ல காளையின் விந்தைத் திரவ நைட்ரஜனில், சுழிக்குக் கீழே 196 பாகை குளிரில், பல ஆண்டுகள் வைத்திருக்க முடியும். உறைவித்துக் காக்கும் வழி 1949-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. ஊசியால் காளையிடமிருந்து பரவும் நோய் பெரிதும் தவிர்க்கப்படும். காளைக்குத் தீனி போடும் செலவும் இல்லை. ஆனால் நேரம் முக்கியம். மற்ற மாடு மேலே ஏறும்போது பசு அசையாமல் நிற்பதே சரியான அறிகுறி. காலையில் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடவேண்டும். 21 நாள் கழித்து மீண்டும் கவனியுங்கள். திரும்பச் சினைக்கு வந்தால் ஊசி பலிக்கவில்லை என்று பொருள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பசுவுக்குப் பசு பால் வேறுபடுவதில் பிறப்பால் வருவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். மற்றது தீனி, தண்ணீர், நிழல், பராமரிப்பு. நல்ல காளையின் மகளைப் பட்டினி போட்டால் காளையைக் குறை சொல்லிப் பயனில்லை.

தாய்மார்களே, வீட்டில் ஒரு பழைய பள்ளி நோட்டுப் போதும். பசுவின் பெயர், சினைக்கு வந்த நாள், காளை எது, கன்று ஈன்ற நாள், நாளுக்கு எத்தனை லிட்டர் பால் என்று எழுதி வையுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளையிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். நான்கைந்து ஆண்டுகளில், எந்தக் காளையின் மகள் அதிகம் கறக்கிறாள் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும். தரகரின் வாய்ச்சொல்லை நம்பவேண்டிய நிலை அதன்பின் இராது.