எந்த இடம் பிடித்தது?



'எனக்குப் பிடித்த கதை' என்னும் தலைப்பில் ஒருமுறையேனும் கட்டுரை எழுதாத தமிழ்ப்பள்ளி மாணவர் கெடாவில் இருக்க மாட்டார். அத்தலைப்பின் முதலிரு சொற்களைச் சற்றே இலக்கணக் கண்கொண்டு பார்த்துவிட்டு மேலே செல்வோம். 'நான் விரும்புகிறேன்' என்னும்போது விரும்புபவர் எழுவாயாக நிற்கிறார். வினை அவர் வசம் உள்ளது. 'எனக்குப் பிடிக்கும்' என்னும்போதோ அவர் நான்காம் வேற்றுமை ஏற்று ஒதுங்கி நிற்கிறார். எனக்குப் பசித்தது, வலித்தது, புரிந்தது என்பனவும் இவ்வாறு வருவனவே. 'எனக்குச் சளி பிடித்தது' என்பதும் இதே அமைப்புத்தான், சிரிக்க வேண்டா. சளியை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. கதை பிடிப்பதும் பெரும்பாலும் அப்படியே நேர்கிறது. ஆகவே 'ஏன் பிடிக்கும்?' என்று கேட்டால் மாணவர் விழிக்கிறார். 'எந்த இடம் பிடித்தது?' என்று கேட்டால் வாய் திறக்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் கோலா கெடாவில் ஆசிரியரும் மாணவரும் கூடிய சிற்றமர்வு ஒன்றில் இதனை நேரில் கண்டோம். லங்காவித் தீவுக்குப் படகு புறப்படும் ஊர் அது. அதனால்தானோ என்னவோ, இடைநிலைப்பள்ளி மாணவி ஒருவர் தமக்குப் பிடித்தது மாசூரியின் கதை என்றார். வீண்பழி சுமத்தப்பட்ட பெண்ணொருத்தி கொல்லப்படுகையில் வெண்குருதி சிந்தி, ஏழு தலைமுறைக்குத் தீவைச் சபித்ததாக வழங்கும் அக்கதையை நீங்கள் அறிவீர்கள். ஏன் பிடிக்கும் என்றதற்கு, 'பிறர்மீது பழி சுமத்தக் கூடாது என்னும் படிப்பினையைத் தருகிறது' என ஒப்பித்தார். எந்த இடம் என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, 'கண்ணகிக்குக் கோபம் வந்தப்ப மதுரை அன்னிக்கே எரிஞ்சிருச்சு ஐயா. மாசூரிக்கு ஏழு தலைமுறை ஆகுது. அந்த ஏழுங்கிற இடம்தான்' என்றார். சிலம்பையும் தீவுக் கதையையும் ஒப்பிட்டு ஆய்வு செய்ய விரும்புவோருக்கு அவ்வொரு மறுமொழியே போதிய தொடக்கமாகும். படிப்பினை என்னும் சொல் அதனை மூடி வைத்திருந்தது.

நாம் பிறந்தது பீடோங் வட்டாரத்து இரப்பர்த் தோட்டமொன்றில். 1970-களின் தொடக்கத்தில் அங்குக் கதையில் ஆழ்ந்திருந்தோருள் பலருக்கு எழுத்து தெரியாது. மாலையில் லயத்து அஞ்சடியில் கிராணியார் மகன் உரக்கப் படிப்பார். பால்வெட்டும் பெண்கள் சூழ அமர்ந்து கேட்பர். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் தொடங்கி, நிரைக்கு நிரை அக்கதை பேசப்படும். குமுதத்தில் தொடராக வந்து மூன்று பாக நூலான சாண்டில்யனின் 'கடல் புறா' அவ்வாறுதான் எம் காதில் விழுந்தது. கருணாகரத் தொண்டைமானின் வாள்வீச்சில் மற்றவர்கள் மயங்கியிருக்க, எம் பாட்டியார் ஓரிடத்தில் படிப்பவரை நிறுத்தினார்.

'கடாரம்னா எங்கப்பா இருக்கு?'

'இங்கதான் ஆயா. நம்ம மெர்போக் பக்கம்.'

அன்றுமுதல் அவருக்கு அக்கதையில் கப்பலே எல்லாமாயிற்று. வாளும் காதலும் வரும் பக்கங்களில் வெற்றிலை மடிப்பார். கப்பல் வந்தால் நிமிர்ந்து அமர்வார். நாகப்பட்டினத்தில் ரஜூலாவில் ஏறி, அடித்தட்டில் படுத்துக் கிடந்து, பினாங்கில் இறங்கியவர் அவர். 'அப்பவே நம்மாளுங்க கப்பல்ல வந்திருக்காங்க. அவங்க கூலிக்கு வரல' என்பதைப் பலமுறை சொல்லிக்கொண்டார்.

பட்டினப்பாலை கூறும் காழகத்தைக் கடாரம் என நச்சினார்க்கினியர் உரைத்தார். 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியதை அவன் மெய்க்கீர்த்தி பெருமிதத்துடன் பேசுகிறது. கவர்ந்து சென்ற செல்வமும் அப்பெருமிதத்தில் அடக்கம். அதனைப் பாட்டியாரிடம் நாம் சொன்னதில்லை. பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் சாண்டில்யனைப் பொழுதுபோக்கு எழுத்தாளர் என ஒதுக்கக் கற்றோம். அம்மதிப்பீட்டில் பெரும்பிழை இல்லை என்றே இன்றும் கருதுகிறோம். ஆயினும் 'கூலிக்கு வரல' என்னும் சொற்கள் எந்தத் திறனாய்வு நூலிலும் எமக்குக் கிடைக்கவில்லை.

இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்துக் குடும்பங்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. பெரட்டு, நிரை, மங்கு, ஒட்டுப்பால் ஆகிய சொற்களுக்கு இன்று வகுப்பறையில் பொருள்விளக்கம் தர வேண்டியுள்ளது. எனினும் ஒரு செய்தி. 'மண்புழுக்கள்' எழுதியவரும் 2017-இல் விஷ்ணுபுரம் விருது பெற்றவருமாகிய நம் கெடாவின் சீ. முத்துசாமியைப் படித்த மாணவர் ஒருவர், 'என் பாட்டி திட்டுற மாதிரியே இருக்கு' என்று மகிழ்ந்தார். விடைத்தாளில் அதனை எழுத அவர் துணியவில்லை. 'வட்டார வழக்கு சிறப்பாகக் கையாளப்பட்டுள்ளது' என்றே எழுதினார். இரண்டாவது வாக்கியம் மொழியியலாளர்க்கு உரியது. அதை எழுத நாங்கள் இருக்கிறோம்.

தேர்வுக்குக் கதைக்கருவும் படிப்பினையும் வேண்டும்; மறுக்கவில்லை. அவற்றை இரண்டாம் நாள் கேளுங்கள் என்பதே ஆசிரியப் பெருமக்களிடம் எம் வேண்டுகோள். முதல் நாள் மாணவர் தம்மைப் பிடித்த பக்கத்தை எடுத்து உரக்கப் படிக்கட்டும். காரணம் சொல்ல வேண்டா. கேட்டிருக்கும் மற்ற மாணவருள் ஒருவர் சொல்லிவிடுவார்.

இதனைச் சொல்லும் உரிமை எமக்கு எளிதில் வரவில்லை. 1990-களின் பிற்பகுதியில் எம் வகுப்பு மாணவர் ஒருவர், 1993-இல் வெளிவந்த ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைத் தமக்குப் பிடித்ததாக எழுதினார். ஜப்பானியர் 1942, 1943-இல் அமைத்த அப்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மாண்ட தமிழர் எத்தனை ஆயிரவர் என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருக்கலாம். அம்மாணவரின் தாத்தா போய்த் திரும்பியவர். அதைப் பற்றி வீட்டில் ஒரு சொல்லும் பேசாதவர். பேரன் அவருக்கு நாவலைப் படித்துக் காட்டியிருக்கிறார். கட்டுரையில் இருந்தது இவ்வளவே: 'ஓரிடம் வந்தபோது தாத்தா எழுந்து வெளியே போய்விட்டார். அதனால் எனக்கு இந்தக் கதை பிடிக்கும்.'

நாம் சிவப்பு மையில் 'காரணம் பொருந்தவில்லை' என்று எழுதி, இருபதுக்கு ஒன்பது இட்டோம். எந்த இடம் என்று கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துக் கேட்க எண்ணியபோது தாத்தா இல்லை. மாணவர் எங்கிருக்கிறார் என்பதும் தெரியவில்லை. அந்நாவலை இருமுறை படித்தோம். எழுந்து போகத்தக்க இடங்கள் பல உள்ளன.

இனி நீங்கள் பேசலாம். முன்வரிசையிலிருந்து தொடங்குவோம். கதையின் பெயரைச் சொல்லுங்கள். பிறகு அந்த இடத்தைச் சொல்லுங்கள்.