ஹீரோ கையில் படம் இருக்கு, தியேட்டர் யார் கையில்?

இந்த வாரம் விஷால். நடிகர் விஷால் இல்ல. தயாரிப்பாளர், விநியோகஸ்தர் விஷால்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நம்ம தாம்பரம், குரோம்பேட்டை எல்லாம் சினிமா வியாபாரத்துல சென்னை கிடையாது, செங்கல்பட்டு ஏரியா. சென்னை சிட்டி, செங்கல்பட்டு, கோவை, சேலம், மதுரைன்னு தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவா பிரிச்சுத்தான் படத்தை விக்கிறாங்க. குரோம்பேட்டை வெற்றியில ஒரு படம் ஓடணும்னா, செங்கல்பட்டு ஏரியா உரிமை யாருகிட்ட இருக்கோ அவர் முடிவு பண்ணணும்.

அந்த வியாபாரத்துல முக்கியமா ரெண்டு வழி. எம்.ஜி.ன்னா, விநியோகஸ்தர் ஒரு தொகையை முன்கூட்டியே தருவார். நஷ்டம் வந்தா அது அவரோடது. கமிஷன்னா, அவர் வெளியிட்டுக் கொடுத்து தன் பங்கை எடுத்துக்குவார், நஷ்டம் தயாரிப்பாளரோடது. தானே வெளியிடறேன்னு இறங்கற ஹீரோ, ரெண்டாவது ரிஸ்க்கைத்தான் தலையில தூக்கி வச்சுக்கறார்.

விஷாலோட அப்பா ஜி.கே.ரெட்டி தயாரிப்பாளர். ‘செல்லமே’ 2004-ல வந்தது. 2005-ல வந்த ‘சண்டக்கோழி’ குடும்ப நிறுவனப் படம். ஆனா 2013 பொங்கலுக்கு வரவேண்டிய ‘மதகஜராஜா’ பணச் சிக்கல்ல நின்னுடுச்சு. அது கடைசியில ரிலீஸ் ஆனது 2025 ஜனவரியில. 12 வருஷம்! ஹீரோ நடிச்சு முடிச்சுட்டார், படம் ரெடி, ஆனா ரிலீஸ் அவர் கையில இல்ல.

அதே 2013-ல விஷால் ஃபிலிம் ஃபேக்டரி ஆரம்பிச்சார். முதல் படம் ‘பாண்டிய நாடு’. தீபாவளிக்கு அஜித்தோட ‘ஆரம்பம்’ ஓடிக்கிட்டிருந்தப்போ வந்து ஜெயிச்சது.

2017-ல தயாரிப்பாளர் சங்கத் தலைவர் ஆனார். அங்கதான் நம்ம மாதிரி டெக் ஆளுங்களுக்குப் பிடிச்ச சண்டை: வி.பி.எஃப். ஃபிலிம் பிரிண்ட் போய் டிஜிட்டல் வந்ததும், புரொஜெக்டர் செலவை ஈடுகட்ட தயாரிப்பாளர் ஸ்கிரீனுக்கு இவ்வளவுன்னு கட்டணம் கட்டணும். வசூல் வந்தாலும் வராட்டியும் கட்டணும். பெரிய படத்துக்கு இது சில்லறை. சின்னப் படத்துக்கு இதுவே கழுத்தை நெரிக்கும்.

2018 மார்ச் 1-லிருந்து புதுப்படமே வரல. மார்ச் 16-லிருந்து ஷூட்டிங்கும் நின்னுது. கிட்டத்தட்ட 7 வாரம். தினக்கூலி வாங்கற லைட்மேனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. கடைசியில கட்டணம் குறைஞ்சுது, டிக்கெட் விற்பனையைக் கம்ப்யூட்டர்மயம் ஆக்கறதா பேச்சு முடிஞ்சுது. ஏப்ரல் 20-ல ‘மெர்க்குரி’ வந்தது. மே 11-ல விஷாலோட சொந்தத் தயாரிப்பு ‘இரும்புத்திரை’ வந்து ஹிட்.

ஆனா 2019-ல அரசு சங்கத்துக்குத் தனி அதிகாரியைப் போட்டது. அவர் பதவி அதோட முடிஞ்சுது.

என் கருத்து இதுதான்: சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சா படம் உங்களோடதா இருக்கும், கடனும் உங்களோடதா இருக்கும். ஸ்கிரீன் மட்டும் எப்பவும் இன்னொருத்தரோடது. ஸ்டார் முகம் இருக்கறவருக்கே இவ்வளவு போராட்டம்னா, முகம் தெரியாத புது தயாரிப்பாளரை நினைச்சுப் பாருங்க. அடுத்த தடவை ஒரு சின்னப் படம் நல்லா இருக்குன்னு கேள்விப்பட்டா, ஓ.டி.டி.க்கு வரட்டும்னு விட்டுடாதீங்க. முதல் வாரமே போய்ப் பாருங்க. ரெண்டாவது வாரம் அது அங்க இருக்காது.