ஆஞ்சானும் உச்சிக் கப்பியும்

பாய்மரப் படகில் பாயை மேலே ஏற்றும் கயிறுதான் ஆஞ்சான். இன்றைய படகுகள் பலவற்றில் அது அலுமினியப் பாய்மரத்தின் உள்ளே ஏறி, உச்சிக் கப்பியில் திரும்பி, பாயின் தலையைப் பிடித்திருக்கும். 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள நல்ல பாலியஸ்டர் கயிறு ஏறத்தாழ இரண்டு டன் இழுவையைத் தாங்கும். அப்படிப்பட்ட கயிறு நடுக்கடலில் ஏன் அறுகிறது?

பாயை முழுக்க ஏற்றிக் கட்டினால், ஒவ்வொரு முறையும் கயிற்றின் அதே இடம்தான் கப்பிமேல் வந்து அமரும். படகு ஆட ஆட, அந்த ஒரு சாண் மட்டும் உராய்ந்து நைந்துபோகும். மற்ற இடமெல்லாம் திடமாகவே இருக்கும். ஆகவே கயிறு வாங்கும்போதே சற்றுக் கூடுதல் நீளம் வாங்குங்கள். அவ்வப்போது பாய்ப்பக்க நுனியில் ஒரு சாண் வெட்டிவிட்டு மறுபடி முடிந்தால், கப்பிமேல் வேறு இடம் வந்து அமரும். கயிறு மேலும் சில காலம் உழைக்கும். மேலுறை கிழிந்து உள்ளிழை தெரிந்தால் மட்டும் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

மாற்றுவது எளிது. பழைய கயிற்றின் நுனியையும் புதியதன் நுனியையும் முட்டவைத்து ஊசிநூலால் தைத்து, மேலே டேப் சுற்றுங்கள். பழையதை இழுத்தால் புதியது பின்னாலேயே ஏறிவிடும். இழுப்பதற்கு முன் தையலைப் பலமாக இழுத்துச் சோதியுங்கள். நடுவழியில் பிரிந்தால், உச்சியிலிருந்து ஈயக்குண்டு கட்டிய நூலை உள்ளே இறக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

கயிறு விரைவில் தேய்ந்தால் குற்றவாளி பெரும்பாலும் கப்பிதான். முன்பு கம்பிவடம் ஓடிய கப்பியின் பள்ளம் குறுகலாக இருக்கும். கம்பி கீறிய கூர்விளிம்புகளும் இருக்கும். அதில் புதுக் கயிற்றைப் போட்டால் அதையும் அறுத்துவிடும். நைலான் கப்பி நீரில் ஊறிப் பருத்துச் சுழலாமல் நின்றுவிடும். அச்சுத் தேய்ந்து கப்பி தள்ளாடினால், கயிறு பக்கவாட்டு இடுக்கில் சிக்கி, பாயை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. கப்பிக்கு கிரீஸ் பூசாதீர்கள். உப்பும் தூசும் அதில் ஒட்டிக்கொள்ளும். நல்ல தண்ணீரில் கழுவினாலே பாதி நோய் தீரும்.

2000–01 வான்டே குளோப் பந்தயத்தில் தனியாளாக உலகைச் சுற்றிய எல்லன் மெக்காத்தர், பழுதுபார்க்க நடுக்கடலில் பாய்மரம் ஏறினார். அந்தத் துணிவைப் போற்றுவோம். அந்த நிலைமை நமக்கு வராமல் பார்த்துக்கொள்வோம். துறையிலேயே, காற்றில்லாத காலையில், இரண்டாவது பாதுகாப்புக் கயிறு கட்டிக்கொண்டு ஏறுங்கள். ஆளைத் தூக்கும் கயிற்றை விரைவுக் கொக்கியில் மாட்டாமல் நேரே முடியுங்கள். கருவிகளை இடுப்போடு கட்டுங்கள். கீழே எவரையும் நிற்க விடாதீர்கள்.

புறப்படும் முன் ஒருமுறை உச்சிக்கு ஏறிப் பார்ப்பதும் மாலுமியின் கடமையே.