தெருவுக்கு ஒரு உடம்புக் கணக்கு

(கருவேப்பிலங்குறிச்சியில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பில் 10 ரூபாய் குறைந்தாலும் குழுவில் உடனே கேள்வி வருகிறது. ஆனால் "உங்க தெருவில் எத்தனை பேருக்கு பிரஷர், எத்தனை பேருக்கு ரத்தசோகை?" என்று கேட்டால் பதில் இல்லை. தவணை நின்றுபோன வீட்டில் நாங்கள் விசாரித்தால், பல நேரம் அங்கே ஒரு ஆஸ்பத்திரி செலவு இருக்கிறது. ஆக, உடம்புக் கணக்கும் நம்ம குழுக் கணக்குதான்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. இது மாநிலக் கணக்கு. நம்ம தெரு எப்படி இருக்கு என்று இது சொல்லாது. அதை நாம்தான் எண்ணிப் பார்க்கணும்.

எண்ணினால் என்ன ஆகும்? 1854ல் லண்டன் நகரத்தில் காலரா வந்தது. ஜான் ஸ்நோ என்ற டாக்டர், எந்தெந்த வீட்டில் சாவு, அந்த வீட்டார் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்து எழுதினார். பெரும்பாலும் ஒரே தெருப் பம்பு! அந்தப் பம்பின் கைப்பிடியையே கழற்றினார்கள்.

நாம் செய்ய வேண்டியது இதுதான். முதலில் கோலப்பொடியால் தெருவை வரையுங்கள். வீடு, குழாய், சாக்கடை எல்லாம் வரட்டும். பிறகு ஒரு நோட்டு போட்டு மாதாமாதம் எழுதுங்கள்: பிரஷர், சர்க்கரை, ரத்த அளவு, வயிற்றுப்போக்கு, 2 வாரத்துக்கு மேல் இருமல். "இந்த மாசம் நிம்மதியா தூங்கினீங்களா?" என்பதையும் கேளுங்கள். மனசும் உடம்போடு சேர்ந்ததுதானே!

பிரஷர், சர்க்கரை பார்க்க ஆள் தேடி அலைய வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வருகிற தன்னார்வலர்கள் நம்மைப் போல குழுப் பெண்கள்தான். 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு பிரஷர் பாருங்கள். வேறு வேறு நாளில் பார்த்தும் 140/90க்குக் குறையாவிட்டால் டாக்டரிடம் போகணும். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ரத்தம் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை.

விருத்தாசலம் பீங்கான் பட்டறைக்கு வேலைக்குப் போகிறவர்களைத் தனியாகக் குறியுங்கள். கல்மாவு நுரையீரலில் படிந்தால், பல வருடம் கழித்து இருமலும் மூச்சு வாங்கலும் வரும். டி.பி. போலவே தெரியும். படிந்த தூசியை எடுக்க மருந்து இல்லை. அதனால் டாக்டரிடம் என்ன வேலை, எத்தனை வருஷம் என்று அவசியம் சொல்லணும். பட்டறையில் தண்ணீர் தெளித்துத் துடையுங்கள், உலர்ந்த தரையைப் பெருக்காதீர்கள். முந்தானை மெல்லிய தூசியைத் தடுக்காது.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். "8 பேருக்கு பிரஷர்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. 20 பேரைப் பார்த்ததில் 8 பேரா, 80 பேரைப் பார்த்ததில் 8 பேரா என்று எழுதணும். அடுத்தது, யாருக்கு என்ன நோய் என்ற பெயர் விவரம் கூட்டத்தில் வரவே கூடாது. எண்ணிக்கை மட்டும் போதும். பெயர் வெளியே போனால் அடுத்த மாதம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மூன்று மாதக் கணக்கைத் தீர்மான நோட்டில் ஏற்றி, கிராம சபையில் வையுங்கள். "தண்ணி சரியில்லை" என்றால் பார்க்கலாம் என்பார்கள். "இந்தக் குழாய்த் தண்ணீர் எடுக்கும் இத்தனை வீட்டில், இத்தனை வீட்டில் வயிற்றுப்போக்கு" என்று எழுதிக் கொடுத்தால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு தெருக் கணக்கோடு வரணும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறோம்.