பாலும் பெயரும்



ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் எனப் பால் ஐந்து என்பதைப் பள்ளியிலே நாம் எல்லோரும் ஒப்பித்திருக்கிறோம். ஆயின், 'நான் எப்பால்?' என்று தம்மையே வினவிக்கொண்டு, விடை காணாமல் இரவுகளைக் கழிக்கும் இளைஞர் சிலர் நம் இல்லங்களிலேயே இருக்கின்றனர். அவர்கள் தமக்கென ஒரு பெயரைத் தேர்ந்துகொள்ளத்தான் வேண்டுமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வினா புதியது அன்று. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயரைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்கிறார். பாலை உணர்த்துவதற்கு அப்பெயருக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், உயர்திணைக்குரிய ஈறுகளையே அது ஏற்கும் என்றும் கூறுகிறார். பின்வந்த பவணந்தியாரோ, பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலிலும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலிலும் சேர்த்தார். அவா என்னும் சொல்லைக் கவனியுங்கள். உள்ளத்தின் விழைவைக் கொண்டன்றோ இங்கே பால் கொள்ளப்படுகிறது! ஆனால் அதே நூற்பா, இவ்விரு சாராரையும் அஃறிணைபோலக் கூறுதலும் உண்டு என்று முடிகிறது. அம்முடிபை என் மனம் ஏற்க மறுக்கிறது. இலக்கணம் வழக்கைப் பதிவு செய்தது. வழக்கில் இருந்த இகழ்ச்சியும் உடன் பதிவாகிவிட்டது.

பேடி, அலி என்னும் பழஞ்சொற்கள் தெருவிலே வசைச்சொற்களாகத் தேய்ந்தன. கூத்தாண்டவர் திருவிழா நிகழும் கூவாகத்தின் அரவானை ஒட்டி, அரவாணி என்ற சொல் 1990-களில் பரவியது. அடுத்த பத்தாண்டிலேயே திருநங்கை என்ற சொல் அதன் இடத்தைப் பெற்றது. பெண்ணாகப் பிறந்தவர் எனக் கருதப்பட்டு, தம்மை ஆணாக உணர்வோர்க்குத் திருநம்பி என்ற சொல் வந்தது. 2008-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் திருநங்கையர்க்கென நலவாரியம் அமைந்தது. 2022-ஆம் ஆண்டில், உயர்நீதிமன்ற வழக்கொன்றின் பயனாக, இத்தகைய சொற்களின் தொகுப்பு அரசிதழிலேயே வெளிவந்தது. பால் புதுமையினர் என்பது அவற்றுள் ஒன்று.

பெயரால் வரும் நன்மை பெரிது. தம் நிலைக்கு ஒரு சொல் உண்டு என்று அறிந்த அன்றே, இவ்வுலகில் தாம் ஒருவரே இப்படி இல்லை என்று தெளிந்தோர் பலர். உரிமை கேட்பதற்கும் பெயர் வேண்டும். 2014-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து கூறும் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம், மாவட்ட நடுவரிடம் விண்ணப்பித்து அடையாளச் சான்று பெறும் முறையை வகுத்தது. விண்ணப்பத்தாளில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டுவிட இயலாதே!

ஆயினும், இன்னும் வினவிக்கொண்டிருப்பவரின் நிலை வேறு. அவர் அக்கரை சேர்ந்தவர் அல்லர். இக்கரையில் நிற்கவும் மனம் ஒப்பாதவர். சிலர் ஆற்றின் நடுவிலுள்ள திட்டையே தம் ஊர் எனக் கொள்வதும் உண்டு. இத்தகையோரைப் பெற்றோர் ஒருபுறம், 'ஒன்றைச் சொல்லித் தொலை' என்று நெருக்குகின்றனர். நண்பர்கள் மறுபுறம், 'இன்னும் துணிவு வரவில்லையா?' என்கின்றனர். இரண்டும் நெருக்குதலே. காலம் எடுத்துக்கொள்வது கோழைத்தனம் ஆகாது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், இந்நிலை மனநோய்களின் வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. மனநோய் அன்று என்றபின், இத்தனை நாளில் தீரவேண்டும் என்று கெடு வைப்பது எங்ஙனம் பொருந்தும்?

தமிழ் மொழியில் எனக்கு வியப்பூட்டும் இயல்பு ஒன்று உண்டு. வந்தான், வந்தாள் என்று பிறரைச் சொல்லும்போதுதான் நம் வினைமுற்று பால் கேட்கிறது. 'நான் வந்தேன்' என்பவரிடம் அது எதுவும் கேட்பதில்லை. 'நீ வந்தாய்' என்பதிலும் பால் இல்லை. இந்தியிலோ, 'நான் போகிறேன்' என்பதையே ஆண் ஒருவகையாகவும் பெண் ஒருவகையாகவும் சொல்லவேண்டும். நல்லவன், நல்லவள் என்று தம்மைப் புகழ்ந்துகொள்ள முனைந்தால் தமிழிலும் சிக்கல் வரும் என்பது வேறு செய்தி.

எனவே, வினவிக்கொண்டிருக்கும் இளைஞர் தம்மைப் பற்றித் தமிழிற் பேச இன்றே ஒரு முடிவு செய்யவேண்டியதில்லை. ஒரு சொல்லை ஓராண்டு ஏற்றுப் பார்த்துப் பின் விடவும் செய்யலாம். நம் சமுதாயமே அரவாணியை விட்டுத் திருநங்கையைக் கொண்டதே! வீட்டார்க்கும் வழி உண்டு. எதிரே நின்று பேசுகையில் 'நீ' போதும். பிறரிடம் குறிப்பிடும்போது, தம் மகவை எப்படிச் சுட்டவேண்டும் என்று அம்மகவிடமே கேட்கலாம். விடை வர நாளானால், அதுவரை பெயர் சொல்லியே வழங்கலாம். 'அவர்' என்றும் குறிக்கலாம். பிள்ளையை 'அவர்' என்பது முதல் சில நாள்கள் நாவுக்குப் புதிதாகத்தான் இருக்கும்.