த்வாண்டே கால்வாயில் ஒரு சரக்குக் கப்பல்
(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நாங்கள் பொங்கிப் படைச்சு, கைவிசேஷம் வாங்குகிற இதே நாட்களில்தான் பர்மாவிலும் தண்ணீர் ஊற்றி வருடப்பிறப்புக் கொண்டாடுகிறார்கள். அதை நினைத்தாலே எனக்கு ரங்கூன் அப்புவின் ஞாபகம் வந்துவிடும்.

அவர் எங்கட பாட்டனாரின் தம்பி. இளவயதில் யாழ்ப்பாணத்தை விட்டுப்போய், பர்மாவில் ஒரு பழைய சரக்குக் கப்பலில் கணக்குக் கிளாக்கராக இருந்தவர். ரங்கூன் ஆற்றையும் ஐராவதியையும் இணைக்கும் த்வாண்டே கால்வாய்தான் அந்தக் கப்பலின் பாதை. ஆங்கிலேயர் 1880களில் வெட்டிய அந்தக் கால்வாய் ஏறக்குறைய 35 கிலோமீற்றர் நீளம். டெல்டாவின் நெல் ரங்கூன் ஆலைகளுக்கு வந்த குறுக்குவழி அது. எங்கட அடுப்பில் கொதித்த ரங்கூன் அரிசியும் அப்படி வந்ததுதான்.

அப்பு கப்பலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நாங்கள் சோறு தின்ன மறந்துவிடுவோம். அடி தட்டையான கப்பல். இரண்டு பக்கமும் "பிளாட்" எண்டு சொல்லும் சரக்குத் தோணிகளைக் கட்டிக்கொண்டு போகும். சாரங்கும் மாலுமிகளும் சிட்டகொங்காரர். அணியத்தில் ஒருவர் மூங்கில் தடியை விட்டுவிட்டு ஆழம் கூவிக்கொண்டே இருப்பார். ஆற்றில் மணல்மேடு இண்டைக்கு நிண்ட இடத்தில் நாளைக்கு நிற்காது. த்வாண்டே மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். அங்கே பானை ஏற்றும்போது மட்டும் அப்புவுக்குப் பயமாம். "நெல்லு மூட்டை விழுந்தால் அள்ளலாம். பானை விழுந்தால் என்ர கணக்கிலையெல்லோ விழும்!" என்பார்.

1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். ஐராவதி கப்பல் கம்பனிக்கு அப்போது 600க்கு மேற்பட்ட கலங்கள் இருந்தன. எதிரி கையில் சிக்கக்கூடாதென்று அவற்றில் பெரும்பாலானவற்றைத் தாங்களே ஆற்றில் தாட்டார்கள். இலட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து அசாமுக்கும் வங்காளத்துக்கும் நடந்தார்கள். வழியில் மாண்டவர் பல்லாயிரம். அப்புவும் நடந்தவர். "அகதி" என்ற சொல் எங்கட வீட்டுக்கு வந்தது 1983இல் அல்ல, 1942இல்.

ஆனால் அந்த நடையைப் பற்றி அவர் ஒருநாளும் கதைச்சதில்லை. கேட்டால், "அதை விடு மோனை, கப்பலைக் கேள்" என்பார்.

நான் அதற்கு நேர்மாறு. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட கதையை என் பிள்ளைகளுக்கு நூறு தரம் சொல்லியிருப்பேன். போன கிழமை மகள் கேட்டாள்: "அப்பா, ஓடுறதுக்கு முன்னம் நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள்?" எனக்கு வாய் அடைத்துப் போச்சு. பதினொரு வருடம் கடைசல் பட்டறையில் நிண்டவன் நான். அதைப் பிள்ளைக்குச் சொல்லவேயில்லை.

1947இல் ஸ்கொத்லாந்தில் கட்டிய "பண்டோ" என்ற ஐராவதிக் கப்பல், அரை நூற்றாண்டு உழைத்தபின் 1998இல் உல்லாசப் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. கப்பலுக்கும் இரண்டாவது தொழில் கிடைக்குது! எங்களில் எத்தனை பேர் ஆசிரியராய், தண்டயலாய் இருந்து இங்கே வந்து கோப்பை கழுவினோம்? வெட்கமில்லை. ஆனால் முதல் தொழிலை மறைப்பதுதான் பிழை.

ஆகவே பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இண்டைக்குக் கைவிசேஷம் குடுக்கேக்கை, நீங்கள் செய்த தொழிலையும் பிள்ளையளுக்குச் சொல்லிவிடுங்கோ. ஓடி வந்த கதை அவர்களுக்கு ஏற்கனவே தெரியும்.