இருதயமும் அடுக்களையும்

(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



விருந்துக்கு வந்தோரிடம் உணவின் தீமையை எடுத்துரைப்பது இங்கிதமன்று எனச் சிலர் கருதலாம். ஆயினும், குடும்பத்தைத் தாங்குபவர் 50 வயதில் மாரடைப்பால் சாய்ந்தால் அதனை விதி என்று கூறி அமைந்துவிடுகிறோம். விதி என எண்ணியதை ஒரு நாட்டுப்புறமே கூடி மாற்றிய வரலாற்றை இன்று கூற விரும்புகிறோம்.

பின்லாந்தின் கிழக்கே வட கரேலியா என்றொரு மாகாணம் உண்டு. மரம் வெட்டியும் மாடு வளர்த்தும் உழைத்து வாழ்ந்தவர்கள் அம்மக்கள். எனினும், 1960களில் அங்கே நடுத்தர வயது ஆடவர் பலர் மாரடைப்பால் மாண்டனர். ரொட்டியிலும் வெண்ணெய், சமையலிலும் வெண்ணெய், பருகுவதோ ஆடை நீக்காத பால். புகைப் பழக்கமும் மிகுதி. வெண்ணெயில் மிகுந்துள்ள கொழுப்பு இரத்தத்தில் கொலஸ்டிராலைப் பெருக்கும். அது இருதயத்துக்குச் செல்லும் இரத்தக் குழாய்ச் சுவரில் படிந்து வழியைக் குறுக்கும். அவ்விடத்தில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் அதுவே மாரடைப்பு.

1972-இல் டாக்டர் பெக்கா புஸ்கா முதலியோர் அங்கே பணி தொடங்கினர். மருந்தை மட்டும் அவர்கள் நம்பவில்லை. மாதர் சங்கத்தினர் ஊர்தோறும் கூடிப் புதிய சமையலைச் செய்து காட்டினர். வெண்ணெய் குறைந்தது, தாவர எண்ணெயும் காய்கறியும் கூடின, புகைப்போர் தொகையும் குறைந்தது. 2006-ஆம் ஆண்டுக்குள் உழைக்கும் வயது ஆடவரிடையே இருதய நோய் மரணம் 80 சதவிகிதத்துக்கு மேல் குறைந்துவிட்டது.

நம் நிலை என்ன? ஊரிலிருந்து வடையையும் முறுக்கையும் கொண்டுவந்தோம். வந்த இடத்தில் சமோசாவையும் நெய்ப் பராட்டாவையும் சேர்த்துக்கொண்டோம். வேலையோ நாற்காலியில். மாவுப் பொருள் ஒரு கிராமில் 4 கலோரி. கொழுப்பு ஒரு கிராமில் 9. செலவாகாத மிச்சம் வயிற்றில் சேர்கிறது. கைகால் மெலிந்திருப்பதால் நாம் பருமனில்லை என்று எண்ணுதல் தவறு. ஆடவர்க்கு வயிற்றுச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டுவது எச்சரிக்கை. அக்கொழுப்பு இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் உயர்த்தி இருதயத்தை வருத்தும்.

தனி ஒரு வீடு மாறுவது அரிது. குடியிருப்பே கூடினால் எளிது. அடுத்த விழாப் பந்தியில் பொரித்த பண்டம் ஒன்று குறையட்டும். சுண்டலும் காய்கறியும் பெருகட்டும். வனஸ்பதியை விலக்குவோம், காய்ந்த எண்ணெயை மறுமுறை காய்ச்சாதிருப்போம், மாலையில் சேர்ந்து நடப்போம். சமைப்பவர் மட்டும் மாறினால் போதாது. இலை முன் அமர்ந்து குறை கூறும் நாமும் மாறவேண்டும்.